கபிலியா மலைக் கிராமங்களில் ஊழியம் எப்படி நடந்தது?

நெய்தல்:
புனித அகஸ்டீன் பிறந்த தகாஸ்தே இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது என்று வாலிபர் கூட்டத்தில் சொன்னார்கள். அந்த நாட்டு பெர்பர் மக்களிடையே இப்போதும் சபை இருக்கிறதா? கிறிஸ்தவர்களானவர்களை ஊரார் ஒதுக்கவில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலையடிவாரம்:
கட்டட வேலைக்காக டிஸி ஊஸுவில் இரண்டு வருடம் இருந்தேன். அல்ஜீரியாவின் வடக்கே பெர்பர் மக்கள் வாழும் கபிலியா மலைப்பகுதியின் நகரம் அது. முதலில் ஒன்று தம்பி, அவர்கள் தங்களை இமாஸிகென் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பெர்பர் என்பது வெளியார் வைத்த பெயர்.

அல்ஜியர்ஸ் பேராயராக இருந்த பிரெஞ்சுக்காரர் லாவிஜெரி 1868இல் தொடங்கிய 'வெள்ளைப் பாதிரிமார்' என்ற கத்தோலிக்க மிஷனரி சபை 1873இல் கபிலியாவுக்குப் போனது. ஊர்க்காரர்களைப் போலவே நீள அங்கியும் புர்னூஸ் என்ற தலைமூடி வைத்த மேலாடையும் உடுத்தினார்கள். ஆரம்பத்தில் மதம் பேசக்கூடாது, மொழியைப் படியுங்கள், வைத்தியம் பாருங்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுங்கள் என்பதுதான் லாவிஜெரியின் உத்தரவு. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனாலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிலர்தான்.

ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் கிறிஸ்தவர், அவர் சித்தப்பா தொழுகை தவறாத முஸ்லிம். ஒலிவ அறுவடைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். ஒரு விதவையின் தோப்பு, பறிக்க ஆளில்லை. மரத்தடியில் துணி விரித்து ஊரே கைகொடுத்தது. இதைத் திவிஸி என்கிறார்கள், கூலி கிடையாது. மதியம் எல்லோரும் ஒரே பெரிய தட்டில் கூஸ்கூஸ் என்ற கோதுமை ரவைச் சாப்பாடு சாப்பிட்டோம். யார் எந்த மதம் என்று அங்கே யாரும் பேசவில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நான் பார்த்தது இது.

கிணற்றடி:
அண்ணா சொன்னதோடு கபிலிய எழுத்தாளர் ஃபத்மா அம்ரூஷின் கதையையும் சேர்க்க வேண்டும். 1882இல் பிறந்தவர். தாய் விதவையான பிறகு திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, தகப்பன் ஏற்கவில்லை. ஊரின் கொடுமைக்குப் பயந்து தாய் அவரைக் கன்னியர் மடத்தில் சேர்த்தார், அங்கேயும் அடிபட்டார். 1899இல் ஞானஸ்நானம் பெற்றார். அப்புறம் ஊருக்கு அவர் அந்நியமாகிவிட்டார், பிரெஞ்சுக்காரர்களுக்கோ கடைசிவரை கபிலியப் பெண்தான். தாயிடம் கேட்ட பாட்டுகளை மட்டும் அவர் விடவேயில்லை. மகள் தாவோஸ் அவற்றை மேடையில் பாடினார். ஊழியத்தைப் பற்றிப் பேசும்போது இந்த அம்மாவின் தனிமையையும் சேர்த்துப் பேசுங்கள்.

நெய்தல்:
நன்றி அக்கா. இப்போது ஆராதனை நடக்கிறதா?

மலையடிவாரம்:
நடக்கிறது, ஆனால் வெளிப்படையாக நடத்துவது கஷ்டம். முஸ்லிம் ஒருவரை மதம் மாறத் தூண்டினால் 2 முதல் 5 வருடம் வரை சிறை என்கிறது 2006ஆம் வருடச் சட்டம். டிஸி ஊஸுவின் பெரிய புராட்டஸ்டண்ட் ஆலயத்துக்கு 2019 அக்டோபரில் சீல் வைத்தார்கள். அந்தச் சபையை நடத்தியவர்கள் வெளிநாட்டு மிஷனரிகள் அல்ல, கபிலியர்களே. என் நண்பர் ஜெபிப்பதும் கபில் மொழியில்தான். சாப்பிடுமுன் அவர் தலைகுனிவார், அதுவரை சித்தப்பா ரொட்டியைப் பிட்காமல் காத்திருப்பார்.