பொதுப்பணிக் கூடம்: திட்டம் மாறிய கதை (புதுப்பிப்பு)

நம் நகராட்சியின் பொதுப்பணிப் பிரிவுக்குப் புதிய கூடம் (லாரிகளை நிறுத்தவும் கழுவவும் பழுதுபார்க்கவும் ஆன இடம்) கட்டும் வரைபடத்தில் அலுவலகத்துக்கு முதலிடம் கொடுத்து, மிஞ்சிய ஓரத்தில் லாரிகளை நிறுத்தியிருந்தார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். இது சரியா என்றும் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வரைபடம் மாறிவிட்டது.

இப்போது வண்டிகளின் ஓட்டத்திலிருந்தே தொடங்கியிருக்கிறோம். பெரிய லாரி ஒன்று திரும்ப ஏறத்தாழ 13 மீட்டர் ஆரம் வேண்டும். அதை வரைந்து பார்த்தபோதுதான் பழைய திட்டத்தில் ஒவ்வொரு வண்டியும் பின்னோக்கி வந்தே ஆக வேண்டும் என்று புரிந்தது. இந்த மாதிரி இடங்களில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது விபத்து நடக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் ஒரு வழிப் பாதை, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் பழுதுபார்க்கும் கொட்டகை என்று மாற்றினோம். ஊழியர்களின் சொந்த வண்டிகளுக்குத் தனி வாசல். இது எனக்கு மிகவும் நிறைவான மாற்றம்.

அடுத்தது கழுவுமிடம். அந்தத் தண்ணீரில் எண்ணெயும் சேறும் கலந்திருக்கும், நேரே மழைநீர் வடிகாலுக்கு விடவே கூடாது. கூரை போட்டு, மண் படியும் தொட்டியும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் வைத்து, கழிவுநீர்க் குழாயில் சேர்க்கிறோம். டீசல் தொட்டியைச் சுற்றி, கசிந்தாலும் டீசல் வெளியே போகாதபடி, தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் தாங்கும் தடுப்புச் சுவர் வருகிறது.

அலுவலகம் சுருங்கியது. ஆனால் குளியலறையையும் ஓய்வறையையும் குறைக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. நள்ளிரவில் உடைந்த குழாயைச் சரிசெய்துவிட்டு வருபவருக்கு அவை கட்டாயம் வேண்டும்.

அப்புறம், மண் பரிசோதனை இன்னும் பாக்கி.