தண்டால் ஒண்ணுகூட வராதவன் எங்கேருந்து தொடங்கணும்?

குலசேகரம் ரப்பர்தோட்டம்:
எனக்க தம்பி போலீஸ் தேர்வுக்குத் தயாராகான். ஓட்டம் நல்லா வருது. கயிறு ஏறத்தான் கை வலு போதல. தண்டால் எடுக்கச் சொன்னா நெஞ்சு தரையில பட்டதோட சரி, எழும்ப மாட்டேங்கான். ஜிம்முல முட்டி போட்டு எடுக்கச் சொல்லுதாங்க. மாமா, "அது பொம்பளப் பிள்ளைகளுக்க தண்டாலுல்லா"ங்கார். என்ன செய்யலாம்?

தக்கலை அடிமுறை:
தரையிலதான் தொடங்கணும். எங்க அடிமுறைச் சண்டைக்கலை ஆசான்கிட்ட கையை ஊணச் சுவரும் மேசையும் கிடையாது. எழும்ப முடியலைன்னா இறங்க முடியுமில்லா? அஞ்சு எண்ணுற வரைக்கும் பைய இறங்கட்டும். நெஞ்சு தரை தொட்டதும் முட்டிய ஊணி எழும்பி, மறுபடி இறங்கட்டும். சுகமான நிலையில பழகிட்டா உடம்பு அதை விட்டு வராது, கேட்டியளா.

நாகர்கோவில் படிப்புரை:
அண்ணே, பைய இறங்குறது நல்ல முறைதான். தூக்க முடியாத பாரத்தையும் இறக்கும்போது தசை தாங்கும். ஆனா பாதி வழியில பொத்துன்னு விழுறவனுக்கு அது ஆகாது, தோள்பட்டைதான் நோவும். அவன் கையைப் படி, திண்டு மாதிரி உயரமான இடத்துல ஊணி எடுக்கணும்.

2011-ல வந்த ஒரு ஆய்வுல அளந்தே பாத்திருக்காங்க. சாதாரணத் தண்டால்ல உடல் எடையில 64 சதவீதம் கைக்கு வருது. முட்டி போட்டா 49. கையை ஒரு அடி உயரத்துல ஊணினா 55, ரெண்டடியில 41. 60 கிலோ பையனுக்கு ரெண்டடித் திண்டுல 25 கிலோ, முட்டி போட்டா 29, ஒரு அடியில 33, தரையில 38. முட்டியிலேருந்து தரைக்கு ஒரே தாவா 9 கிலோ கூடுது. அங்கதான் நிறைய பேரு நின்னுபோறாங்க. படியில அந்த இடைவெளியே இல்ல, ஒவ்வொண்ணா இறங்கி வரலாம்.

மார்த்தாண்டம் விளையாட்டு டீச்சர்:
முதல்ல அந்த "பொம்பளப் பிள்ளைகளுக்க தண்டால்" பேச்சை நிறுத்துங்க. நான் பாடம் எடுக்கிற பிள்ளைகள்ல முழுத் தண்டால் எடுக்கிற பொண்ணுங்க இருக்காங்க, முட்டியிலயே திணறுற பையன்களும் இருக்காங்க.

அப்புறம், ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு மைதானத்துல படிக்கு எங்க போறது? முட்டித் தண்டால் எங்கயும் எடுக்கலாம், சாக்கை மடிச்சு முட்டிக்கு அடியில போட்டாப் போதும். பெரும்பாலானவங்க இடுப்பை மேல தூக்கிக்கிட்டு மூக்கை மட்டும் தரைக்குக் கொண்டுபோறாங்க. பலன் இல்லாமப் போறது அதுனாலதான். தலையிலேருந்து முட்டி வரை ஒரே கோடா இருக்கணும்.

நாகர்கோவில் படிப்புரை:
டீச்சர், கோடு சரியா இருந்தாலும் முட்டிக்குக் கீழே தரையிலதானே கிடக்கு? வயிறும் தொடையும் இறுகி நிக்கப் பழகுறதில்ல. முழுத் தண்டாலுக்கு வந்ததும் இடுப்பு தொங்குது. படியில குதிகால் வரைக்கும் முதல் நாள்லயே நேரா நிக்கும்.

குலசேகரம் ரப்பர்தோட்டம்:
எங்க முற்றத்துப் படியில ஆனியிலேருந்து பாசிதான். மேசையும் ஆடுது.

நாகர்கோவில் படிப்புரை:
பாசிப் படி வேண்டவே வேண்டாம், கை வழுக்கினா தாடைதான் போகும். உள்திண்டு, சுவரோட ஒட்டிப் போட்ட கட்டில் போதும். உள்ளங்கை தோளைவிடக் கொஞ்சம் அகலம். முழங்கை பக்கவாட்டுல விரியாம விலாவைப் பாத்துச் சாயணும். 8 முதல் 10 வரை மூணு தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். 12 சுத்தமா வந்ததும் ஒரு படி கீழே. திண்டே பாரமா இருந்தா சுவருல தொடங்கட்டும். சங்குத்துறை கடற்கரை மணல்ல மட்டும் இப்ப வேண்டாம், உள்ளங்கை புதைஞ்சு மணிக்கட்டு மடங்கும்.

தக்கலை அடிமுறை:
படியில எடுக்கட்டும், நான் மறிக்கல. ஆனா வாரத்துக்கு ஒருநாள் தரையில பைய இறங்கியே ஆகணும். அதை விட்டா திண்டுலயே இருந்துடுவான்.

மார்த்தாண்டம் விளையாட்டு டீச்சர்:
அது சரிதான். முட்டி விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்.

தம்பி, இன்னொண்ணு. தண்டால் நெஞ்சும் தோளும் கையின் பின்தசையும் தள்ளுற வேலை. கயிறு ஏற முதுகும் கையின் முன்தசையும் பிடியும் இழுக்கணும். நூறு தண்டால் எடுத்தாலும் கயிறு தானா வராது. வலுவான கம்பியில தொங்கிப் பிடி பழகட்டும். அப்புறம் முக்காலியில ஏறி, தாடை கம்பிக்கு மேல இருக்கும்படி பிடிச்சுக்கிட்டு பைய இறங்கட்டும். அதையும் இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்க.