கட்டைக்குத்து வீட்டுக்கு மரம் எடுத்த அனுபவம்

தென்காசிப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீடு கட்டைக்குத்து மட்டப்பா. தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே சின்னச் செங்கல்லைக் குத்தாகச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கும் மேல் செங்கல் ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பாவிய கூரை. மெட்ராஸ் டெரஸ் என்று இன்ஜினியர்கள் சொல்வது இதைத்தான். ஒரு அறையில் மட்டும் சில கட்டைகள் இறங்கிவிட்டன. மொத்தமாக இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொன்னவர்கள்தான் அதிகம். எனக்கு மனசு வரவில்லை. அந்த அறையின் மேல்தளத்தை மட்டும் பிரித்து, கெட்ட கட்டைகளை மாற்றினோம்.

கழற்றிப் பார்த்தால் கட்டையின் நடுப்பகுதி கல் மாதிரி இருந்தது. சுவருக்குள் போன நுனிதான் உளுத்திருந்தது. ஆசாரி திருப்புளியால் அங்கே குத்தினார், பிடி வரைக்கும் இறங்கியது. இரண்டு சாண் தள்ளிக் குத்தினால் முனைகூட உள்ளே போகவில்லை. தட்டோட்டு இடுக்கில் இறங்கிய மழைத்தண்ணீர் சுவர் வழியாக வந்து நுனியில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் புதுக் கட்டைகளுக்கு அடியில் கருங்கல் பட்டி கொடுத்து, நுனியைச் சுற்றி அரை அங்குலம் காற்றோட்டம் விட்டோம். கலவையால் இறுக்கி மூடவே இல்லை.

மரம் எடுக்கச் செங்கோட்டைக்குப் போனோம். ஒரு கடையில் ஆப்பிரிக்கத் தேக்கு என்று காட்டினார்கள். விலை குறைவு. ஆனால் அறுத்த முகத்தைப் பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிமரம். "தேக்குன்னு பேர் இருந்தா போதுமா தம்பி, வைரம் எங்கே? வெள்ளையைத்தான் பூச்சி தேடி வரும்" என்றார் ஆசாரி. வேங்கையும் நல்ல மரம்தான், ஈரம் பட்டால் கறை விடும். சால் மரம் தேக்கைவிட விறைப்பு, ஆனால் காயும்போது வெடிக்கும். கடைசியில் வேறு கடையில் வைரம் பாய்ந்த நாட்டுத் தேக்கே எடுத்தோம்.

அளவில்தான் நீண்ட பேச்சு. நான் கேட்டது 2½ அங்குல அகலம், 5 அங்குல உயரம். "மூன்றரைக்கு மூன்றரை கையிருப்பில இருக்கு அண்ணாச்சி, கன அடி ஒண்ணுதானே" என்றார் கடைக்காரர். கன அடி கிட்டத்தட்ட ஒன்றுதான், காசும் ஒன்றுதான். ஆனால் கட்டை தொய்யாமல் நிற்பது உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் சதுரக் கட்டைக்கு விறைப்பு பாதிகூட வராது. அதே மரம், அதே பணம், பாதி விறைப்பு என்றால் எப்படிச் சம்மதிப்பது? உயரமாகவே அறுத்துத் தரச் சொல்லிக் காத்திருந்தோம்.

அறுத்து வந்த ஒவ்வொரு கட்டையையும் ஆசாரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். லேசாக வளைந்ததை ஒதுக்கவில்லை, வளைவு மேலே வரும்படி குறி போட்டார். பாரம் ஏறினால் மட்டத்துக்கு வந்துவிடுமாம். ரேகை சாய்ந்து ஓடி ஓரத்தில் வெளியேறியவற்றையும், நடுவில் அடிப்பக்கம் கணு விழுந்தவற்றையும் திருப்பி அனுப்பினார். பாரத்தில் இழுபடுவது அடிப்பக்கம்தான், கணு இருந்தால் அங்கேதான் முதலில் கீறும்.

பழைய வீடு இடித்த தேக்கு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் ஆணி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ரம்பத்துக்கு அனுப்புங்கள். நுனி இரண்டையும் கொஞ்சம் வெட்டித் தள்ளிய பிறகு வரும் நீளத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.