டீசல் டிரக்கின் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுக் கோன் ஃபில்டர் போடலாமா?

மேட்டுப்பாதை

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2.5 லிட்டர் டர்போ டீசல் டிரக். நான்கு சிலிண்டர், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உண்டு, உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சாரும் உண்டு. லோடு ஏற்றி மேடு ஏறினால் முன்பு போல இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை வேறு. ஃபில்டர் உள்ளே இருக்கிற கம்பெனி ஏர் பாக்ஸை அப்படியே தூக்கிவிட்டு, பிவிசி குழாய் போட்டு, முனையில் பெட்டி இல்லாமல் திறந்திருக்கும், கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் ஒன்றை மாட்டலாம் என்று யோசனை. வீட்டில் இருக்கிற கருவிகளை வைத்து, அதிகச் செலவில்லாமல் முடிக்க வேண்டும். செய்தவர்கள் சொல்லுங்கள்.

டர்போராஜா

தாராளமாகச் செய்யுங்கள். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் காற்றைப் பிடித்து நிறுத்தும், டீசலில் அந்த வேலையே இல்லை. எவ்வளவு காற்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கம்பெனி பாக்ஸில் பாதி வடிவமைப்பு சத்தத்தை அடக்குவதற்காகத்தான். நான் என் வண்டியில் கோன் போட்டதும் வித்தியாசம் முதல் கியரிலேயே தெரிந்தது. டர்போ விசில் அடிக்கிற சத்தமே தனி.

பழைய_ஸ்பானர்

ராஜா, சத்தம் வேறு, இழுவை வேறு. காதுக்குக் கேட்டதைக் கால் உணர்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே போகும் டீசலின் அளவு. காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே போகும். இந்த மாதிரி வண்டியில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம், எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் சென்சார் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, கூடினால் தானே குறைக்கும். அதனால் ஃபில்டர் பக்கம் கொஞ்சம் தாராளமாக்கினால், அதே பூஸ்ட்டுக்கு டர்போ சற்றுக் குறைவாக உழைக்கும். லாபம் அவ்வளவுதான்.

கேட்டவர் சொன்ன அறிகுறியைப் பாருங்கள். முன்பு இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லை, கரும்புகை வருகிறது. கம்பெனி பாக்ஸ் அன்றைக்கும் அதே பாக்ஸ்தானே? எனக்குச் சந்தேகம் டர்போவுக்குப் பிறகு வரும் ஹோஸ்களில். சென்சார் காற்றை அளந்து, அதற்கு ஏற்ற டீசலைக் கம்ப்யூட்டர் ஊற்றிவிடும். நடுவில் ஒரு வெடிப்பில் காற்று வெளியே போய்விட்டால் சிலிண்டருக்கு மிஞ்சுவது டீசல் அதிகம், காற்று குறைவு. அதுதான் புகை.

டர்போராஜா

அப்போது காற்று பற்றவில்லை என்றுதானே அர்த்தம்? நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பழைய_ஸ்பானர்

பற்றவில்லைதான். கொல்லைப்புறச் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் வாசலை இடித்து அகலமாக்கச் சொல்கிறீர்கள்.

நீர்மட்டம்

இரண்டு பேரும் ஊகத்திலேயே சண்டை போடுகிறீர்கள். அடைப்பு எவ்வளவு என்பதை வீட்டிலேயே அளக்கலாம்.

கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றை ஒரு மீட்டர் உயரப் பலகையில் யு வடிவில் கட்டுங்கள். பாதி உயரத்துக்குச் சாயம் கலந்த தண்ணீர், பக்கத்தில் ஒரு ஸ்கேல். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் மாட்டுங்கள். பல வண்டிகளில் அடைப்பு காட்டும் சிவப்பு இண்டிகேட்டருக்காக அங்கே ஏற்கெனவே ஒரு துளை இருக்கும். வழியில் ஒரு காலி பாட்டிலை இணைத்துவிடுங்கள், தப்பித் தவறித் தண்ணீர் மேலே ஏறினாலும் டர்போவுக்குள் போகாது. பிறகு லோடோடு, முழு ஆக்சிலரேட்டரில், ஆர்பிஎம் உச்சத்தில் இருக்கும்போது இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று பாருங்கள். பார்ப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு.

டர்போ டீசல்களில் ஃபில்டரை மாற்று என்று பொதுவாகச் சொல்லும் எல்லை 20 முதல் 25 அங்குல நீர்மட்டம், அதாவது 50 முதல் 63 செ.மீ. அந்த 63 செ.மீ. கூட வெறும் 6 கிலோபாஸ்கல் சொச்சம். வெளிக்காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஃபில்டர் முழுக்க அடைத்துப் போன வண்டியிலேயே முன்பக்கம் இழக்கிற காற்று ஆறு சதவீதம்தான். சுத்தமான ஃபில்டர் இருக்கும் வண்டியில் கோன் போட்டு எவ்வளவு மீட்பீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டர்போராஜா

எல்லா வண்டியும் கம்ப்யூட்டர் வண்டி இல்லை நீர்மட்டம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளை மறந்துவிட்டீர்கள். அதில் பூஸ்ட் ஏறினால் பம்பில் இருக்கும் டயாஃப்ரம் அழுந்தி டீசலைக் கூட்டும். டர்போ சீக்கிரம் வேகம் பிடித்தால் டீசலும் சீக்கிரம் வரும். பம்பைத் திருகி டீசலைக் கூட்டி வைத்தவர்களுக்கு, கூடுதல் காற்று போனால் புகைபோக்கியின் சூடு குறைவதை மீட்டரிலேயே பார்க்கலாம். அவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்களா?

நீர்மட்டம்

இல்லை. அந்த வண்டிகளுக்கு நீங்கள் சொல்வது சரி. டீசலைக் கூட்டி வைத்த எஞ்சினுக்கு ஒரிஜினல் பாக்ஸ் போதாமல் போகலாம். ஆனால் கேட்டவர் வண்டி அது இல்லையே.

குவாரி_லோடு

நான் ஓட்டுவது முழுக்க மண் பாதையில். யாருமே தூசியைப் பற்றிப் பேசவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது.

2.5 லிட்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் டர்போ இல்லாமலேயே நிமிடத்துக்குச் சுமார் 3750 லிட்டர் காற்று உறிஞ்சும். ஒரு பார் (கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம் அளவு) பூஸ்ட் இருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அத்தனையும் அந்த ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. அந்தப் பக்கம் டர்போவின் விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் மணல் துகள் மோதினால் இறக்கையின் ஓரம் மழுங்கும். மிச்சம் போகிற மண், ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும்.

கோன்களில் பல எண்ணெய் பூசிய துணி ஃபில்டர்தான். அது காற்றை எளிதாக விடுகிறது என்றால், பொதுவாக நுண்ணிய தூசியையும் கூடுதலாக விடுகிறது. ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற முறையே இருக்கிறது. நல்ல பேப்பர் ஃபில்டர் அதில் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். இன்னொன்று, பேப்பர் ஃபில்டர் புதிதாக இருக்கும்போதைவிடக் கொஞ்சம் தூசி படிந்த பிறகுதான் இன்னும் நன்றாக வடிகட்டும். அதனால் வாரா வாரம் கம்ப்ரசர் காற்றால் ஊதுகிறவர்கள் கெடுதல்தான் செய்கிறார்கள். ஊதினதில் பேப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, இருட்டில் ஃபில்டருக்குள் டார்ச் அடியுங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் வந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கோன் மாட்டினவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஃபில்டருக்கு அப்புறம் வரும் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு துடை துடையுங்கள். சாம்பல் நிறத்தில் பவுடர் மாதிரி வந்தால் அது எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கும் மண்.

டர்போராஜா

கழுவித் திரும்பப் போடலாம், காலத்துக்கும் உழைக்கும். செலவில்லாமல் முடிக்க வேண்டும் என்று கேட்டவருக்கு, மாற்றி மாற்றிப் பேப்பர் ஃபில்டர் வாங்கச் சொல்கிறீர்கள். எண்ணெயை அளவாகப் பூசினால் ஒரு பிரச்சினையும் வராது. நான் தார் ரோட்டில்தான் ஓட்டுகிறேன்.

பழைய_ஸ்பானர்

அளவாகப் பூசுகிறவர் எத்தனை பேர்? மிஞ்சின எண்ணெய் போய் எம்.ஏ.எஃப். சென்சாரின் சூட்டுக் கம்பியில் ஒட்டும், அதன் மேல் தூசி ஒட்டும், ரீடிங் தப்பும்.

அதைவிடப் பெரிய விஷயம் குழாயின் அகலம். அந்த சென்சார் தன் கூட்டின் விட்டத்துக்கு ஏற்ப அளவு வைக்கப்பட்டது. அதைக் கழற்றி அகலமான பிவிசி குழாயில் சொருகினால், அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகக் காட்டும். கம்ப்யூட்டர் என்ன செய்யும்? காற்று கம்மி, புகை வரக்கூடாது என்று டீசலைக் குறைக்கும். இழுவைக்காகச் செய்த வேலை இழுவையையே பிடித்துக்கொள்ளும். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். அமைப்பின் கணக்கும் அதோடு சேர்ந்து குழம்பும். சென்சாருக்கு ஒட்டினாற்போல் ஒரு முழங்கை வளைவு வைத்தாலும் இதே தொல்லை, காற்று ஒரு பக்கமாக ஒதுங்கிப் பாயும்.

மேட்டுப்பாதை

சென்சாரை அதன் கூட்டோடு அப்படியே வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் மட்டும் பிவிசி போட்டால்? பானெட்டுக்குள் சூடு தாங்குமா?

நீர்மட்டம்

பிவிசி 80 டிகிரிக்குப் பக்கத்தில் இளக ஆரம்பிக்கும். டர்போ, புகைபோக்கிப் பக்கம் போகாமல் முன்னால் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம். டர்போவுக்குப் பிறகு, அழுத்தமும் சூடும் உள்ள பக்கத்தில், கனவிலும் வேண்டாம். மெல்லிய வளையும் ஹோஸ் போட்டால் உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் உறிஞ்சும்போது சப்பிப் போகும்.

ஆனால் குழாயை விடுங்கள், காற்றின் சூட்டைக் கவனியுங்கள். வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தி சுமார் ஒன்பது சதவீதம் குறைவு. ஃபில்டர் முழுக்க அடைத்தால் இழப்பதே ஆறுதான் என்று மேலே சொன்னேன். திறந்த கோன் அதைவிட அதிகமாக வாசலிலேயே இழக்கிறது. இன்டர்கூலர் கொஞ்சம் ஈடுகட்டும், இருந்தாலும் எதற்கு? வயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை ஃபில்டர் பக்கத்தில் கட்டி ஒரு சுற்று போய் வாருங்கள், தெரிந்துவிடும்.

டர்போராஜா

அதற்கும் வழி இருக்கிறது. அலுமினியத் தகட்டை வளைத்து கோனைச் சுற்றி ஒரு தடுப்பு, மேல் விளிம்பில் பானெட்டோடு ஒட்டுகிற மாதிரி ரப்பர், ஹெட்லைட் பின்னாலிருந்து குளிர்ந்த காற்று வர ஒரு குழாய். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_ஸ்பானர்

நான்கு பக்கமும் மூடி, வெளிக்காற்றுக்கு ஒரு குழாய். இதைத்தானே கழற்றி எறிந்தீர்கள்?

கேள்விக்குறி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குளிர்ந்த காற்றுதான் வேண்டுமென்றால் குழாயை முன் பம்பருக்குக் கீழே இறக்கிவிட்டால் என்ன?

குவாரி_லோடு

ஐயோ, வேண்டவே வேண்டாம். இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டர் 625 சிசி. கம்ப்ரஷன் 17க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 40 மில்லிக்கும் குறைவு. தண்ணீர் அழுந்தாது. தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கி அந்த அளவு உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்று எடுக்கும் வாய் எப்போதும் உயரத்தில்தான்.

பழைய_ஸ்பானர்

மேட்டுப்பாதை, எதையும் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். டர்போவின் வாயில் மாட்டியிருக்கும் ஹோஸைக் கழற்றி, அந்த அளவுக்குச் சரியாக வரும் ஒரு குழாய் மூடியில் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, டர்போ வாயில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். டயர் பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றுங்கள், ஒரு பாரைத் தாண்ட வேண்டாம். மூடிக்கு நேராக நிற்காதீர்கள், கிளாம்ப் நழுவினால் துப்பாக்கி போலப் பறக்கும். ஒவ்வொரு ஜாயிண்டிலும், இன்டர்கூலரின் இரு ஓரங்களிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். ஆயில் ஊற்றும் வாயிலோ சைலன்சரிலோ லேசாகச் சீறினால் கவலை வேண்டாம், திறந்திருக்கும் வால்வு வழியாகப் போகிற காற்று அது. ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்க மறக்காதீர்கள், ஆயில் ஈரம் இருக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் வெடிப்பு இருக்கும்.

மேட்டுப்பாதை

செய்துவிட்டேன். இன்டர்கூலரிலிருந்து வரும் ஹோஸின் வளைவில், அடிப்பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சும்மா இருக்கும்போது மூடியே இருக்கிறது, காற்று ஏற்றியதும் வாய் திறக்கிறது. மேலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஹோஸையும் ஃபில்டரையும் மாற்றினேன். புகை நின்றுவிட்டது, மூன்றாவது கியரில் ஏற வேண்டிய மேட்டில் நான்காவதில் ஏறுகிறது.

நீர்மட்டம் சொன்ன டியூபையும் கட்டினேன். ஃபில்டருக்குப் பிறகு 28 செ.மீ. ஆர்வத்தில் பாக்ஸின் அழுக்குப் பக்கத்திலும், அதாவது ஃபில்டருக்கு முன்னாலும், மாட்டிப் பார்த்தேன். அங்கேயே 15 செ.மீ. காட்டுகிறது.

டர்போராஜா

பார்த்தீர்களா! பாதிக்கு மேல் அடைப்பு ஃபில்டரில் இல்லை, பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் அந்த ஒல்லிக் குழாயில். கம்பெனி வடிவமைப்பு அப்படியே புனிதம் என்றவர்கள் இப்போது என்ன சொல்கிறீர்கள்? பாக்ஸும் ஃபில்டரும் இருக்கட்டும், முன் குழாயை அகலப்படுத்துங்கள். செலவே கிடையாது.

பழைய_ஸ்பானர்

15 செ.மீ. என்றால் ஒன்றரை கிலோபாஸ்கல். ஒன்றரை சதவீதக் காற்று. அதுவும் முழு லோடில் மட்டும். இதற்காகக் கத்தியைத் தூக்க வேண்டுமா? முன் குழாயின் நீளமும் வளைவும் தண்ணீரைப் பிரிக்கவும்தான் வைத்திருக்கிறார்கள்.

டர்போராஜா

ஒன்றரை சதவீதம் இலவசமாக வருகிறது, ஏன் விட வேண்டும்?

நீர்மட்டம்

இதில் நான் ராஜா பக்கம். ஆனால் இருக்கிற வாயை வெட்டிப் பெரிதாக்க வேண்டாம். ஃபெண்டர் பக்கம், அதே உயரத்தில், பாக்ஸில் இரண்டாவது வாய் ஒன்று வையுங்கள். ஓரம் கூராக இல்லாமல் புனல் மாதிரி விரிந்திருக்கட்டும். பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். முடித்ததும் மறுபடி அளந்து எண்ணைப் போடுங்கள்.

மேட்டுப்பாதை

சரி, இரண்டாவது வாய் வைக்கிறேன். கோன் யோசனையை விட்டாயிற்று.

பழைய_ஸ்பானர்

எனக்கு இன்னும் உடன்பாடில்லை. வெட்டத்தான் போகிறீர்கள் என்றால் பாக்ஸை வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்து வெட்டுங்கள். பிசிறையெல்லாம் அரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகு மாட்டுங்கள், ஒரு பிளாஸ்டிக் துணுக்கு கூட உள்ளே போகக்கூடாது. அதுவரை டர்போ ஹோஸின் வாயில் துணியை அடைத்து வையுங்கள், துணி உள்ளே இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுங்கள்.