புதிர்க் கணக்கு: விடையை முந்திச் சொல்லும் பிள்ளைகளை எப்படிக் கையாள்வது?

வணக்கம். வாரம் ஒருமுறை 12, 13 வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குப் புதிர்கள் வழியாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஓர் இடத்தில் தடுமாறுகிறேன், அனுபவமுள்ளவர்கள் கைகொடுங்கள்.

சென்ற வாரம் சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை மறைத்துவிட்டு, மீதி 62 கட்டங்களை 31 டோமினோக்களால் நிரப்ப முடியுமா என்று கேட்டேன். ஒரு டோமினோ பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டை மூடும். அடுக்கினார்கள், கலைத்தார்கள், மறுபடி அடுக்கினார்கள். வழக்கமாக வாயே திறக்காத ஒரு சிறுமி மட்டும் விரல் வைத்துக் கறுப்புக் கட்டங்களை எண்ணத் தொடங்கினாள். அதுதான் திறவுகோல்! மறைத்த இரண்டும் ஒரே நிறம். ஆகவே ஒரு நிறத்தில் 32, மற்றதில் 30. ஒவ்வொரு டோமினோவுக்கோ கறுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றும் வேண்டும். அவள் எண்ணி முடிப்பதற்குள் ஒரு பையன், "முடியாது, நிறக் கணக்கு இடிக்கிறது!" என்று கத்திவிட்டான். அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அவன்மீது குற்றமில்லை. கண்டுபிடித்த மகிழ்ச்சி அப்படித்தான் பீறிடும். அவனை அடக்கவும் மனமில்லை, அவளை இழக்கவும் மனமில்லை.

மும்மூன்று பேராகப் பிரிப்பதென்றால், வேகம் பார்த்தா, சீட்டுக் குலுக்கியா? முதலில் முடித்தவர்களுக்கு, "வெவ்வேறு நிறக் கட்டங்கள் இரண்டை மறைத்தால்?" என்பதுபோல் அடுத்த கேள்வியைத் தருவது பலிக்கிறதா? கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும், ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை மட்டும் கடந்து, நடந்து முடிக்க முடியுமா என்ற புதிரை முடித்துவிட்டோம். கையால் தொட்டு, நகர்த்தி, வரைந்து பார்க்கக்கூடிய வேறு புதிர்கள் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த வகுப்பு சனிக்கிழமை.