பொருள்: கொம்போவுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கு முன்

கல்லடி, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். விடுமுறை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் பழக்குகிறேன். புதிதாக வருபவர்களுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் எழுதிவிட்டேன், தலைப்பு மட்டும் இல்லை. 'கொம்போ'வுக்கு என்ன சொல்?

விளையாடாதவர்களுக்காக: ஒரு அடி பட்டதும் எதிராளி கொஞ்ச நேரம் அசைய முடியாமல் விறைத்து நிற்பான். அந்த விறைப்பு தீருமுன் அடுத்த அடி பட்டால் அவனால் தடுக்க முடியாது. இப்படி இடைவெளி விடாமல் விழும் அடிகள்தான் கொம்போ. என் முதல் பாடம், ரியூ என்ற பாத்திரம் குனிந்தபடி நடுத்தர உதை, அது படும்போதே ஹடோக்கன், அதாவது கையிலிருந்து விடும் சக்திப் பந்து.

காரைதீவு, செவ்வாய் காலை

தம்பி, 'தொடரடி' என்று போடுங்கள். தொடர்ந்த அடி, தொடர்கின்ற அடி, தொடரும் அடி என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. ஒற்று மிகுமா என்ற தலையிடியும் இல்லை. விபுலானந்த அடிகள் பிறந்த ஊர்க்காரன் நான். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்றவர் அவர். சொல் கேட்டு மடல் வந்தால் சும்மா இருக்க முடியுமா?

'அடி'யை மட்டும் பாருங்கள். பாதமும் அடி, செய்யுள் வரியும் அடி, கையால் கொடுப்பதும் அடி. 'அடு' என்பதே வேர் என்பது என் துணிபு. அடு என்றால் நெருங்கு, கொல், சமை. அடுத்து, அடுக்கு, அடுப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். ஆக, நெருங்கி அடுக்கிக் கொல்லும் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா?

சம்மாந்துறை, செவ்வாய் பகல்

சேர், நீங்கள் அடுப்பங்கரைக்கே போய்விட்டீர்கள், பிள்ளைகள் இன்னும் முதல் உதையில் நிற்கிறார்கள். கொம்போ என்றால் கொம்போதான். பஸ்ஸைப் பஸ் என்று சொல்லித்தானே கல்முனைக்கு ஏறுகிறோம்?

இன்னொன்று, இது யாரும் திட்டமிட்டு வைத்த பொருளே இல்லை. 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 செய்தபோது, காரை உடைக்கும் இடைக்கட்டத்தைச் சோதித்த ஃபுனமிசு என்ற தயாரிப்பாளர்தான் ஒரு அடிக்குள் இன்னொரு அடியை நுழைக்க முடிகிறது என்று கண்டார். நேரம் பிடிப்பது கஷ்டம், யாருக்கும் பயன்படாது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார். 1993இல் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோதுதான் திரையில் எத்தனை அடி என்று எண்ணிக் காட்டினார்கள். தற்செயலாய் வந்ததுக்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி எதற்கு?

மண்டூர், செவ்வாய் மாலை

'கொம்போ' என்று தலைப்பைப் பார்த்ததும் எங்கள் கொம்பு விளையாட்டைப் பற்றித்தான் மடல் என்று ஓடி வந்தேன். கண்ணகை அம்மனுக்கு வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுப்போமே, அது. முறிந்த பக்கத்தாரை மற்றவர்கள் வசைபாடுவது தனி இலக்கியம். கையேட்டில் 'கொம்போ பழகுவோம்' என்று அச்சடித்தால் என்னைப்போல் இன்னும் பலர் ஏமாறுவார்கள்.

சிலம்பக்காரர் வெறுங்கைச் சண்டைக்குக் 'குத்துவரிசை' என்கிறார்கள். அதை எடுத்தால் என்ன?

கல்லடி, செவ்வாய் இரவு

குத்துவரிசை அழகுதான் ஐயா, ஆனால் என் முதல் பாடமே உதையில் தொடங்குகிறது. அது ஒரு கலையின் பெயராகவும் இருக்கிறது.

உண்மையில் பிள்ளைகள் தடுமாறுவது கொம்போ என்ற பெயரில் இல்லை, அதன் உள்ளே இருக்கும் இரண்டு வகையில். விளையாட்டு நொடிக்கு 60 சட்டகம், அதாவது 60 படம், ஓடுகிறது. உதைத்த காலை மீட்டெடுக்கவும் சில சட்டகங்கள் ஆகும். அந்த மீட்சியைப் பாதியில் அறுத்து ஹடோக்கனை விட்டால் அது கென்சல். லிங்க் அப்படி இல்லை, கை முழுக்கத் திரும்பிவிடும், ஆனாலும் எதிராளிக்கு இன்னும், உதாரணத்துக்கு, 5 சட்டகம் விறைப்பு மிச்சம். 4 சட்டகத்தில் பட்டுவிடும் ஒரு குத்து என்னிடம் இருந்தால் அதுவும் கொம்போ. முன்னதில் கையை விரைவாக ஓட்ட வேண்டும், பின்னதில் பொறுக்க வேண்டும். புதியவர்கள் இரண்டுக்கும் பொத்தானைப் போட்டு அமுக்கித் தள்ளுகிறார்கள். இந்த இரண்டுக்கும் சொல் தாருங்கள், தலைப்பு எப்படியும் போகட்டும்.

காரைதீவு, புதன் காலை

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! இது அப்படியே புணர்ச்சி விதி. பொன், மலை சேர்ந்தால் பொன்மலை. ஒன்றும் மாறவில்லை, இயல்பு. அது உங்கள் லிங்க். மரம், வேர் சேர்ந்தால் மரவேர். நிலைமொழியின் வால் அறுந்து வருமொழி வந்து ஒட்டுகிறது. நன்னூலார் இதைக் கெடுதல் என்பார். அது உங்கள் கென்சல். 'இயல்படி', 'கெட்டடி' என்று வைத்துக்கொள்ளலாம்.

சம்மாந்துறை, புதன் காலை

கெட்டடியா! ஏற்கெனவே கேம் விளையாடிப் பிள்ளை கெட்டுப்போகிறது என்று வீட்டில் ஏச்சு. கையேட்டிலும் அச்சில் போட்டுக் கொடுப்போமா சேர்?

ஆனாலும் மரவேர் நல்ல விளக்கம். எனக்கே இப்போதுதான் கென்சல் விளங்கியது.

அக்கரைப்பற்று, புதன் இரவு

நானாவும் சேரும் சண்டையை நிறுத்தினால் ஒன்று சொல்கிறேன். 'வெட்டித்தொடுத்தல்', 'விட்டுத்தொடுத்தல்'. மீட்சியை வெட்டித் தொடுப்பது, மீள விட்டுத் தொடுப்பது. வினையெச்சமாகவே இருப்பதால் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே தெரியும். எதுகையும் விழுகிறது.

இன்னொன்று. விட்டுத்தொடுத்தலைச் சட்டகக் கணக்கு சொல்லிப் பழக்காதீர்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டை வாயால் சொல்லிக் கொடுத்த பிறகுதானே காலை ஆடவிடுவார்? இரண்டு அடிக்கும் நடுவில் உள்ள நேரத்தை வாயால் சொல்லப் பழகட்டும், விரல் பிறகு வரும்.

மண்டூர், வியாழன் காலை

எதுகைதான் ஆபத்து, டீச்சர். சத்தமான அறையில் வெட்டி எது, விட்டு எது என்று யாருக்குக் கேட்கும்? தவிர, தமிழ்நாட்டார் 'வெட்டி' என்றால் வேலையில்லாதவன் என்று சிரிப்பார்கள்.

காரைதீவு, வியாழன் காலை

அவர்கள் சிரிப்பதற்காக நாம் உதைபந்தாட்டத்தைக் கால்பந்து ஆக்கினோமா?

கல்லடி, வியாழன் இரவு

அச்சகத்தார் இரண்டு தரம் அழைத்துவிட்டார். தலைப்பு 'தொடரடி', பக்கத்தில் ஒருமுறை மட்டும் 'கொம்போ'. உள்ளே வெட்டித்தொடுத்தல், விட்டுத்தொடுத்தல். மரவேர் எடுத்துக்காட்டையும் சேர்த்துவிட்டேன், நன்றி சேர். பெரும்பாலானோர் சம்மதித்தார்கள் என்பதைவிட, மறுத்து எழுதக் களைத்துப்போனார்கள் என்பதே சரி.

சம்மாந்துறை, வெள்ளி காலை

நான் களைக்கவில்லை. இந்தச் சொல் வினையாக எப்படி வரும்? 'தொடரடித்தான்' என்று எவனும் சொல்ல மாட்டான். 'தொடரடி அடித்தான்' என்றால் அடி இரண்டு தரம் வருகிறது. 'தொடரடி போட்டான்' என்று வேண்டுமானால் சொல்லிப் பார்க்கலாம். இன்று பின்னேரம் வகுப்பில் முதல் கொம்போ விழும்போது பிள்ளைகள் என்ன கத்துகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.