ஹையாட்டஸ் ஹெர்னியாவை 'குடலிறக்கம்' என்று எழுதலாமா? பெங்களூரில் நம் பெரியவர்களுக்கான ஜீரண மண்டலச் சொல்தாள்

அல்சூர்_தமிழன்:
எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இங்கிலீஷில் வருகிறது. டாக்டர் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசுகிறார். ஸ்ரீராம்புரம், அல்சூர், விவேக்நகர் பக்கம் இருக்கும் நம் பெரியவர்களுக்கு இரண்டுமே பிடிபடுவதில்லை. அதனால் ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு பக்கச் சொல்தாள் போடுகிறோம். முதல் வரைவு:

ஈசோஃபேகஸ் – உணவுக்குழாய். ஸ்டமக் – இரைப்பை. டியோடினம் – முன்சிறுகுடல். ஜெஜுனம் – இடைச்சிறுகுடல். இலியம் – பின்சிறுகுடல். பேன்க்ரியாஸ் – கணையம். கால்பிளாடர் – பித்தப்பை. அப்பெண்டிக்ஸ் – குடல்வால். ஹையாட்டஸ் ஹெர்னியா – குடலிறக்கம். பைல்ஸ், ஃபிஷர், ஃபிஸ்டுலா – மூலம்.

முழுக்கத் தமிழ்ச்சொல்தான் என்பது என் கட்சி. குறை இருந்தால் சொல்லுங்கள்.

கோடிங்_மேசை:
குறை கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. அந்த இரண்டோடு தாள் வெளியே போகக்கூடாது.

குடலிறக்கம் என்றால் நம் ஆட்கள் மனசில் வருவது தொடையிடுக்கு வீக்கம், அடுத்து ஆபரேஷன். ஹையாட்டஸ் ஹெர்னியாவில் குடலும் இல்லை, இறக்கமும் இல்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துவாரம் தளர்ந்து, இரைப்பையின் மேல்நுனி நெஞ்சுக்குள் *ஏறுகிறது*. ரிப்போர்ட்டில் 'இசட் லைன் 36, பின்ச் 39' என்று இருக்கும். முன்பல்லிலிருந்து அளந்த சென்டிமீட்டர் அது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் கோடு 36-இல், உதரவிதானம் இறுக்கும் இடம் 39-இல். இடையில் உள்ள 3 செ.மீ. இரைப்பைதான் மேலே வந்திருக்கிறது. சிறிய ஹெர்னியா என்றால் பெரும்பாலும் மாத்திரையும் சாப்பாட்டுப் பழக்கமும் போதும்.

நோய்க் குறியீடும் வேறு. ஐ.சி.டி. 10 என்ற உலக நோய்க் குறியீட்டுப் பட்டியலில் ஹையாட்டஸ் ஹெர்னியா கே44, தொடையிடுக்கு குடலிறக்கம் கே40. ஹெர்னியா, மூலம், ஃபிஷர், ஃபிஸ்டுலா, பித்தப்பைக் கல் எல்லாவற்றுக்கும் பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் 24 மாதம் காத்திருப்பு உண்டு. பழைய நோய்கள் கேட்கும் கட்டத்தில் வீட்டுப் பையன் இந்தத் தாளைப் பார்த்து 'குடலிறக்கம்' என்று எழுதிவிட்டால், நாளைக்கு கிளெய்ம் மேசையில் அவன்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பான். ரிப்போர்ட்டில் உள்ள பெயரையே தமிழ் எழுத்தில் போடுங்கள். ஹையாட்டஸ் ஹெர்னியா. தீர்ந்தது.

சொல்_பித்தன்:
தீரவில்லை, கோடிங் சார். குடலிறக்கம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். 'இரைப்பை மேலேற்றம்' என்று எழுதட்டும். ஆனால் ரிப்போர்ட் பெயரைத் தமிழ் எழுத்தில் போட்டால் குழப்பம் போய்விடும் என்பது நடக்காத காரியம்.

வரைவிலேயே இருக்கிறது பாருங்கள், 'இலியம்'. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். இங்கிலீஷில் நடுவில் ஓர் எழுத்து மாறுகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. பின்சிறுகுடல் என்று போட்டால் இடுப்பெலும்போடு யாரும் குழப்பமாட்டார்கள்.

ஆபரேஷன் பெயர்கள் இன்னும் மோசம். கோலிசிஸ்டெக்டமி என்றால் பித்தப்பையை எடுப்பது. கொலெக்டமி என்றால் பெருங்குடலை எடுப்பது. கொலாஸ்டமி என்றால் பெருங்குடலை வயிற்றுத்தோலில் திறந்து பை பொருத்துவது. முதலாவது லேப்ராஸ்கோப்பில் முடிந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு, மூன்றாவதில் பையோடு வாழ்க்கை. எழுபது வயது அம்மா இந்த மூன்றையும் காதால் பிரித்துக்கொள்வார் என்று நினைக்கிறீர்களா? 'பித்தப்பை நீக்கம்', 'பெருங்குடல் நீக்கம்', 'வயிற்றில் மலவழி' என்று எழுதிப் பாருங்கள்.

வயிற்றைத் திறந்து பார்த்து மூடுவதா, ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதா, வெட்டி எடுப்பதா என்பது 'ஆட்டமி', 'ஆஸ்டமி', 'எக்டமி' என்ற வாலில் மட்டும்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் கன்சென்ட் படிவத்தில் அந்த வாலை நம்பி உட்காரமுடியாது.

கோடிங்_மேசை:
கன்சென்ட் விஷயம் ஏற்கலாம். ஆனால் வேறு ஆஸ்பத்திரியில் 'இரைப்பை மேலேற்றம்' என்று சொன்னால் டியூட்டி டாக்டருக்கு என்ன புரியும்? அவருக்குத் தமிழே தெரியாது. நோயாளி தன் நோயின் பெயரை இன்னொரு டாக்டரிடம் போய்ச் சொல்லவேண்டும், அதுதான் இந்தத் தாளின் வேலை.

சொல்_பித்தன்:
அதற்கு ரிப்போர்ட்டையே நீட்டினால் போதுமே. தாள் நோயாளிக்கு, டாக்டருக்கு அல்ல.

ஸ்கோப்_ரூம்:
இரண்டு பேரும் உறுப்புப் பெயரிலேயே நிற்கிறீர்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது நோயாளி உறுப்பையா சொல்கிறார்? 'கேஸ்' என்கிறார். ஏப்பமும் கேஸ், உப்புசமும் கேஸ், நெஞ்சு கரிப்பும் கேஸ், மாடி ஏறினால் நெஞ்சை அடைப்பதும் கேஸ். கடைசியாகச் சொன்னதில்தான் ஆள் போகிறது.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் பழக்கத்திலேயே இருக்கிறது. வாய்வரை புளிப்பாக ஏறினால் எதுக்களிப்பு. மார்பெலும்புக்குப் பின்னால் எரிந்தால் நெஞ்செரிச்சல். மேல்வயிற்றில் எரிந்தால் வயிற்றெரிச்சல். வந்துவிடும் போலிருந்து வராமல் இருந்தால் குமட்டல். போய்வந்த பிறகும் இன்னும் இருப்பது போல முக்கவைத்தால் கடுப்பு. சளியும் ரத்தமுமாகப் போனால் சீதபேதி. வெறும் தண்ணீராகப் போவதை சீதபேதி என்று சொன்னால் மருந்தே மாறிப்போகும். இதைத் தாளில் முதலில் போடுங்கள், கணையமெல்லாம் அப்புறம்.

கன்னடமும் பக்கத்தில் வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு 'எதெ உரி' என்பார்கள், வயிற்றெரிச்சலுக்கு 'ஹொட்டே உரி'. (பொறாமைக்கும் அதே ஹொட்டே உரிதான், நம் வயிற்றெரிச்சல் மாதிரியே. எமர்ஜென்சியில் முதலில் விசாரிக்கும் ட்ரையாஜ் மேசையில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளமாட்டார்கள், கவலை வேண்டாம்.) 'எதெ', அதாவது நெஞ்சு, என்று சொன்னதும் இ.சி.ஜி. எடுப்பார்கள். எடுக்கட்டும். நடந்தால் வந்து நின்றால் அடங்குவது இதயமாக இருக்கலாம், குனிந்தாலோ படுத்தாலோ ஏறுவது பெரும்பாலும் அமிலம். ஆனால் வீட்டிலிருந்தே இதைப் பிரித்துவிட முடியாது.

அடுத்தது மூலம். மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்ததுதான் இந்த வரைவின் பெரிய ஓட்டை, தமிழில் மூன்றுக்கும் பெயர் இருந்தும். *மூலம்*: ரத்தநாள மெத்தை வீங்குவது. உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, மலத்தோடு பளிச்சென்று சிவப்பாகச் சொட்டும். *ஆசனவாய் வெடிப்பு*, அதாவது ஃபிஷர்: தோலில் கீறல், பெரும்பாலும் பின்பக்க நடுக்கோட்டில். போகும்போது கத்தியால் கிழிப்பது போல வலி, போன பிறகும் அது மணிக்கணக்கில் நிற்கும். *பவுத்திரம்*, அதாவது ஃபிஸ்டுலா: உள்ளேயிருந்து வெளித்தோலுக்கு ஒரு சுரங்கம். பக்கத்தில் கட்டி வந்து உடைந்திருக்கும், சீழ் வந்து துணியில் கறைபடும்.

வெடிப்புக்கு 10 முதல் 15 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் உட்கார்வதும், இசப்கோலை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு எடுப்பதும், டாக்டர் எழுதும் களிம்பும் பல பேருக்குப் போதும். பவுத்திரத்துக்கு இதில் எதுவும் சுரங்கத்தை அடைக்காது, பெரும்பாலும் சர்ஜன் கை வேண்டும். 'மூலத்துக்கு ஒரு ஆயின்மென்ட்' என்று கடையில் கேட்டு மாதக்கணக்காகப் பூசுகிறவர்களில் இந்த மூன்றும் கலந்திருக்கும். இன்னொன்று: 45 தாண்டியவருக்குப் புதிதாக ரத்தம் போனால், பெருங்குடலைப் பார்க்காமல் மூலம் என்று முடிவுகட்டக்கூடாது.

மருந்துக்கடை_கவுன்டர்:
ஸ்கோப் ரூம் மேடம் சொன்ன ஆயின்மென்ட் கதை தினமும் உண்டு. 'கருமலம்' என்ற சொல்லையும் சேருங்கள், ஆனால் விளக்கத்தோடு. இரும்புச்சத்து மாத்திரை, பிஸ்மத் மருந்து சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதற்குப் பயப்படவேண்டாம். தார் மாதிரி ஒட்டி, பளபளத்து, தாங்கமுடியாத நாற்றம் அடித்தால் மேலே இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது. யாராக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, மூட்டுவலி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து அதிகம்.

கோடிங்_மேசை:
மூலம், கருமலம் இரண்டிலும் மேடம் பக்கம்தான். ஆனால் ஒரு சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் மொழிபெயர்க்காதீர்கள்: கிரேடு. 'நிலை' என்று எழுதினால் புற்றுநோய் நிலை என்று வீடே அழும்.

ஃபேட்டி லிவரில் கிரேடு 1, 2, 3 என்பது ஸ்கேனில் ஈரல் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்பது. மூலத்தில் 1 முதல் 4 வரை, எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பது. உணவுக்குழாய்ப் புண்ணுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கணக்கு, ஏ முதல் டி வரை: 5 மி.மீ.க்கு மேல் போகாத கீறல் என்றால் ஏ, சுற்றளவில் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேல் புண் என்றால் டி. ஒன்றின் கிரேடை இன்னொன்றோடு ஒப்பிடமுடியாது. புற்றுநோயில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு 'ஸ்டேஜ்' என்று வேறே இருக்கிறது.

அல்சூர்_தமிழன்:
சரி. குடலிறக்கத்தை எடுத்துவிட்டு 'ஹையாட்டஸ் ஹெர்னியா: இரைப்பையின் மேல்நுனி நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது' என்று போடுகிறேன். மூலம் மூன்றாகப் பிரிகிறது. கிரேடு கிரேடாகவே இருக்கும். தாளின் முதல் பாதி அறிகுறிகள், பக்கத்தில் கன்னடம்.

அப்ஸ்ட்ரக்டிவ் ஜாண்டிஸ் மிச்சம். 'அடைப்புக் காமாலை' என்று எழுதலாமா?

கோடிங்_மேசை:
வேண்டாம். காமாலை என்ற சொல் காதில் விழுந்ததும் கீழாநெல்லியும் பத்தியமும் ஆரம்பித்துவிடும். இது பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கும் விஷயம். அடைப்பை எடுக்காமல் எந்தச் சாறும் உதவாது. 'பித்தநாள அடைப்பு' என்று மட்டும் எழுதுங்கள்.

சொல்_பித்தன்:
காமாலையை எடுத்துவிட்டால், கண் மஞ்சளாகும்போது இந்தத் தாளை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி டெசிலிட்டருக்கு 2, 3 மில்லிகிராமைத் தாண்டினால் கண்ணில் தெரிய ஆரம்பிக்கும். அப்போது அவர் தேடும் சொல் காமாலை. அந்தச் சொல்லுக்குக் கீழேதான் எச்சரிக்கை இருக்கவேண்டும்.

ஸ்கோப்_ரூம்:
பித்தன் சார் சொல்வதே சரி. சொல் காமாலையாகவே இருக்கட்டும், கீழே இப்படிப் போடுங்கள்: 'மலம் களிமண் நிறமாக வெளுத்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போய், உடம்பெல்லாம் அரித்தால் அது அடைப்பாக இருக்கலாம், நாட்டு மருந்துக்குக் காத்திருக்காதீர்கள். அதோடு குளிர்ஜுரமும் வலது மேல்வயிற்றில் வலியும் சேர்ந்தால் அன்றைக்கே எமர்ஜென்சி.' எழுத்து மட்டும் பெரிசாக இருக்கட்டும், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.

கோடிங்_மேசை:
தலைப்பில் 'பித்தநாள அடைப்பு' முதலில், காமாலை இரண்டாவது. அதற்கு மேல் இறங்கமாட்டேன்.

சொல்_பித்தன்:
காமாலை முதலில்.